இரண்டு விநாடிச் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

வண்டி இன்று வழியில் நின்றுவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, சூலூர் தாண்டியதும் இரண்டு தடவை இழுத்தது, மூன்றாம் தடவை அடங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம். சூடு தணிந்ததும் கிளம்பியது. வீடு வந்து சேர்ந்தோம்.

தறிக்குடோனில் ஃபிட்டராக இருந்த முப்பத்தைந்து வருடமும் பழுது நோட்டு எழுதியவன் நான். எந்தத் தறி, என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று தேதி போட்டு எழுதிவிட்டால் பாதி பழுது தீர்ந்த மாதிரி. இன்று முதல் வண்டிக்கும் ஒரு நோட்டு. 2001 மாடல். என்னிடம் வந்து பதினெட்டு வருடமாகிறது. ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மாஸ்க்கைக் கழற்றாமல், மேசையைப் பார்த்தே பேசினார். எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. தறிச் சத்தத்தில் போன காது இது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும், அவ்வளவுதான். மகள் கோகிலா காது மெஷின் ஒன்று வாங்கித் தந்தாள். அது ஃபேன் சத்தத்தையும் தட்டு விழுவதையும் கேட்க வைக்கிறது, மனிதர்களை விட்டுவிடுகிறது. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் என் மனைவி பாக்கியத்திடம் கேட்டேன். வயிற்றுக் கட்டிக்கு மருந்து இருக்கிறதாம். 24-ஆம் தேதி வரச் சொன்னாராம். அன்றைக்குப் படுக்க வைத்து மருந்து ஏற்றுவார்களாம். பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். காலண்டரில் 24-ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்தேன்.

ஜூன் 4, புதன்

காலையில் வண்டி கிளம்பவே இல்லை.

பல்லடத்தில் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவர் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வாய்க்குக் கட்டு இல்லை, நீளமாகப் பதில் வந்தது. டேங்குக்குள்ளேயே ஒரு பெட்ரோல் பம்ப் இருக்கிறதாம். சாவியை ஆன் செய்தால் மட்டும் போதும், பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பம்பே போய்விட்டது. “அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் செல்ஃப் அடிக்காதீங்கண்ணா. உங்க பேட்டரி இப்பவோ அப்பவோன்னு இருக்குது” என்று முடித்திருந்தார்.

செவிடன் காதில் சங்கு ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பம்ப் ஊதுவது இப்போதுதான்.

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் பின் சீட்டில் காதை வைக்க வேண்டும். பாக்கியம்தானே எனக்குக் காது. பால்காரர் கூப்பிடுவது, குக்கர் விசில், ஃபோன், எல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். அவளும் கத்திக் கத்திப் பேசியே பழகியதில் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக் காதை வைத்தாள். நான் சாவியைத் திருப்பிவிட்டுக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள்.

ஜூன் 6, வெள்ளி

ஃபியூஸ் மாற்றினேன். ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றிப் பம்ப் ரிலே இருந்த இடத்தில் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே வகை. பாக்கியம் காதை வைத்தாள். கேட்கவில்லை.

டாக்ஸி பிடித்துப் போய்விடலாம் 24-ஆம் தேதிக்கு, வண்டி எப்போது சரியாகிறதோ ஆகட்டும் என்றேன். டாக்ஸியில் ஏசி வாடைக்கு வாந்தி வருமாம். நம் வண்டியில்தான் வருவாளாம். சரி, இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

ராத்திரிக்கு அவள் ஒரு தோசை சாப்பிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

பின் சீட்டைத் தூக்கினேன். முன்பக்கம் இரண்டு கொக்கி, அழுத்தி மேலே இழுத்தால் வந்துவிடுகிறது. அடியில் தரைவிரிப்பு. அதை மடக்கினால் சின்னத் தட்டு அளவில் ஒரு தகட்டு மூடி, நான்கு ஸ்க்ரூ. மூன்று வந்தது. நாலாவது துருப்பிடித்து வர மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து மாலையில் எடுத்தேன்.

பழுது அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பம்புக்கு வரும் வயரின் பிளாஸ்டிக் சாக்கெட்டில் ஒரு பின் கருகி, பக்கத்துப் பின் பச்சை பூத்திருந்தது. சூடானால் கரண்ட் விட்டுப் போகும், ஆறினால் வரும். சூலூரில் நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. முப்பத்தைந்து வருட அனுபவம் வீண் போகவில்லை என்று பாக்கியத்திடம் பீற்றிக்கொண்டேன். சிரித்தாள்.

ஜூன் 9, திங்கள்

புது சாக்கெட் போட்டு, வயரைச் சாலிடர் வைத்து இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். கேட்கவில்லையாம்.

“நல்லா வெச்சுக் கேளு புள்ள” என்றேன். மறுபடி வைத்தாள். “இல்லீங்க, ஒண்ணுமே கேக்கலீங்க” என்று கத்தினாள்.

அப்படியானால் பம்பும் போயிருக்க வேண்டும். ஒரு பழுது தனியாக வராது.

ஜூன் 12, வியாழன்

பம்பை வெளியே எடுத்த நாள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நான்கு கதவையும் திறந்து போட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். டேங்க் வாயில் திருகு வளையம் ஒன்று பம்பைப் பிடித்திருக்கிறது. அதை இரும்பு வைத்துத் தட்டினால் பொறி பறக்கும், பறந்தால் நானும் பறப்பேன். தேக்குக் கட்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி ஒன்றரை மணி நேரத்தில் நகர்த்தினேன். அடியில் உள்ள சல்லடையில் களிமண் போல் கசடு.

பெட்ரோல் வாடை ஆகாதே, உள்ளே போ என்று பாக்கியத்தை விரட்டினேன். போகவில்லை. ஆடிக்காற்று இந்த வருடம் ஆனியே பிறக்காமல் வந்துவிட்டது. அந்தக் காற்றில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிட்டயர் ஆன பிறகும் இப்படி ஒரு நாள் முழுக்க நாங்கள் ஒரே இடத்தில் இருந்ததில்லை. நான் எப்போதும் எவன் வீட்டு மோட்டாரையாவது பார்க்கப் போயிருப்பேன்.

அவள் மெட்டி கழன்று வண்டிக்கடியில் உருண்டது. எடுத்து, நூல் சுற்றிப் போட்டுவிட்டேன். மூன்று சுற்று போதும் என்று நினைத்தேன். ஏழு சுற்று வேண்டியிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஹோசூரிலிருந்து கோகிலா வந்தாள். அம்மாவை அவள் வண்டியிலேயே 24-ஆம் தேதி கூட்டிப்போகலாமே என்று அவளிடம் சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மாவும் பெண்ணும் என் எதிரிலேயே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். செவிடன் வீட்டில் ரகசியம் பேச அறைக்குப் போக வேண்டியதில்லை.

கோகிலாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்ன என்றேன். பெட்ரோல் வாடை என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

புது பம்ப் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. மாட்டினேன். ரப்பர் வாஷரும் புதிது. கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பாக்கியம் மதியம் தூங்கிவிட்டாள். இப்போதெல்லாம் நிறையத் தூங்குகிறாள். எழுப்ப மனம் வரவில்லை. தனியாக எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். காது இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. பம்ப் சாக்கெட்டிலிருந்து வயரை நீட்டி, ஒரு சின்ன பல்பை மாட்டி, முன் சீட்டுக்குக் கொண்டு வந்தேன். சாவியைத் திருப்பினேன்.

பல்ப் எரிந்தது. இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. நான்கு தடவை பார்த்தேன். நான்கு தடவையும் எரிந்தது.

பிறகு பழைய பம்பை வாசலுக்கு எடுத்துப் போய்த் துடைத்து, காய வைத்து, பேட்டரியில் வயரைத் தொட்டேன். உள்ளங்கையில் நன்றாக அதிர்ந்தது. என் காதுதான் போயிற்று, கை போகவில்லை. ஓடுகிற தறியைத் தொட்டு எந்த பேரிங் தேய்கிறது என்று சொன்னவன். அந்தப் பம்புக்கு ஒரு குறையும் இல்லை.

புது பம்பில் நான் பிளஸ் மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

வயரை மாற்றிக் கொடுக்கவில்லை. புது பம்பையும் அவள் தூங்கும்போது சோதித்தேன். இரண்டு விநாடியில் நின்றுவிடாமல் ஓட, சாவியைத் திருப்புவதற்குப் பதிலாக ரிலே சாக்கெட்டில் ஒரு துண்டு வயரைக் குறுக்கே செருகிவிட்டு, பின்னால் வந்து டேங்க் மூடியில் கை வைத்தேன். ஓடுகிறது. சாக்கெட் மாற்றிய நாளிலிருந்தே ஓடியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். காரை பெயர்ந்தது. பதினொரு நாள் என்னை ஆட்டி வைத்திருக்கிறாள். முப்பத்தேழு வருடம் அவள் காதால்தான் கேட்டேன். அவள் கேட்டது என்றால் கேட்டது, இல்லை என்றால் இல்லை. பால்காரர் சொன்னதும் அவள் சொல்லித்தான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் அவள் சொல்லித்தான். டாக்டர் சொன்னதும்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 21, சனி

காலையில் அவளே வந்து கேட்டாள், இன்றைக்குப் பார்க்கவில்லையா என்று. பார்க்கலாம் என்றேன். பின் சீட்டைத் திரும்ப வைத்து, அவளுக்கு ஒரு தலையணையும் போட்டேன். எலும்பு உறுத்துகிறதாம்.

சாவியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, வயரை முதலிலிருந்து பார்க்கிறேன், எங்கோ உள்ளே அறுந்திருக்கும் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

கட்டுப் பிரித்துவிட்டார்கள், நேரில் வந்து பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்று சிக்கந்தர் எழுதியிருந்தார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். ‘ஏண்ணா, வீம்பா?’ என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாரல். காற்று வேறு. இந்தக் காற்றில் எங்கே போவது. வண்டியும் சரியாகவில்லை. இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். ஆமாமுங்க என்றாள். காலண்டர் தாளை அவள் பார்ப்பதற்கு முன்னால் கிழித்துவிட்டேன்.

பாக்கியத்துக்குக் கஞ்சி நான் வைத்தேன். உப்பு அதிகம். நாலு வாய் குடித்தாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

இன்றும் பார்த்தோம். கேட்கவில்லை.

இப்போது தினமும் பத்து மணிக்கு இதுதான் வேலை. அவள் என் தோளைப் பிடித்து மெல்ல நடந்து வருகிறாள். வாசலிலிருந்து ஷெட்டுக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் ஒரு தடவை நிற்கிறோம். பின் சீட்டில் படுத்ததும் கொஞ்ச நேரம் கதை பேசுவோம். கல்யாணமான புதிதில் குடோனுக்குச் சோறு கொண்டு வந்தவள், சத்தத்தில் நான் பேசுவது கேட்காமல் எல்லாவற்றுக்கும் சிரித்தாளே, அதைப் பற்றிச் சொன்னாள். அப்போது நான் என்ன கேட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாள். மோர் ஏன் புளிக்கிறது என்று கேட்டேன் என்றேன். சிரித்து இருமல் வந்துவிட்டது.

வண்டியில் பழுது பார்க்க எதுவும் மிச்சமில்லை. பேட்டரி முனையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான். சாவியை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்புவேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று கேட்டது.

வழக்கம்போல் சாவியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். கை ஆடவில்லை, எழும்பி நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். “கேக்குதுங்க” என்றாள்.

ஒரு மாதமாக நான் காத்திருந்த சொல். சாவியை அணைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். செல்ஃப் அடித்தேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது.

அவளை முன் சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டி, வாய்க்கால் ரோட்டுப் பக்கம் போகச் சொன்னாள். சுல்தான்பேட்டை போகும் வழியில், வாய்க்கால் கரையில், சவுக்கு மரங்கள் நிற்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கண் எட்டிய வரை ஆள் இல்லை. கண்ணாடி நான்கையும் ஏற்றச் சொன்னாள். ஏசி இல்லாத வண்டி, இந்தப் புழுக்கத்தில் எதற்கு என்றேன். ஏற்றுங்கள் என்று கை காட்டினாள். ஏற்றினேன்.

“ஊட்டுல வெச்சுக் கத்துனா தெருவுக்கே கேக்குமுங்க. மெல்லச் சொன்னா உங்களுக்குக் கேக்காது. எழுதிக் காட்டறதுக்கு எனக்கு எழுத்து வராது. எங்க வெச்சுத்தான் நாஞ் சொல்லுவேன்?” என்றாள்.

பிறகு சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாருங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வெச்சுப் பாத்துக்கச் சொன்னாரு. மூணு மாசம்னாரு.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் காதும் இன்றைக்கு மோசம். மூன்று தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை இன்னும் கத்திச் சொன்னாள். மூன்றாம் தடவை கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அப்புறம்தான் நான் அவள் கையைப் பிடித்தேன்.

24-ஆம் தேதி என்று ஒன்று இல்லவே இல்லையாம். சட்டென்று வாயில் வந்த தேதியாம்.

அவள் முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை. கண்ணாடியை இறக்கினேன். கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு வந்தோம். வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பாக்கியத்துக்கு இன்று பதினாறாம் நாள். காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கோகிலா தன்னோடு வரச் சொன்னாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் இந்த நோட்டைத் தொடவில்லை. எழுத நேரம் இல்லை. அவளை உட்கார வைக்க, படுக்க வைக்க, வாயைத் துடைக்க, தலை வார என்று நேரம் சரியாக இருந்தது. சின்ன வேலைகள். ஃபிட்டர் கைக்கு எதுவும் கஷ்டமில்லை. கடைசி வாரம் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என் காதை அவள் வாயோடு ஒட்டி வைத்தாலும் மூச்சுதான் பட்டது, சொல் வரவில்லை. அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இன்று நோட்டைப் புரட்டினேன். பழுது நோட்டில் பொய் எழுதக் கூடாது. தவறான குறிப்பை நம்பி அடுத்தவன் கையை விட்டு இழப்பான் என்று எத்தனையோ பேரை ஏசியிருக்கிறேன். ஜூலை 6-ஆம் தேதியில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்துகிறேன்.

எஞ்சின் சத்தம் ஒரு தடையாக இல்லை. காதும் அன்றைக்கு மோசமில்லை. அவள் முதல் தடவை சொன்னபோதே ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காத மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை சொல்லும்போது வேறு ஏதாவது சொல்ல மாட்டாளா என்று இருந்தது. அந்த உடம்போடு, தன் சாவை இன்னும் இரண்டு தடவை அவளைக் கத்திச் சொல்ல வைத்தேன்.

முதல் தடவையே கேட்டுவிட்டது என்று அவளிடம் கடைசி வரை நான் சொல்லவில்லை.